முதல் பாதி உன் குரலில்

மாமு,

இன்று காலை பத்து மணி வாக்கில் கரண்ட் போனது. பிலோமினா சமையல்கட்டிலிருந்து வியர்த்து வழிய வந்து, பீரோ மேல் கிடந்த ஒரு அட்டையை உருவி விசிறிக்கொள்ள ஆரம்பித்தாள். பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை. விசிறின காற்றோடு அந்த வாசனையும் வந்தது. சூடுபட்ட பிளாஸ்டிக்கும் அச்சு மையும் கலந்த வாசனை. அதைக் கீழே வை என்றேன்.

"இன்னாத்துக்கு? எரநூறு அட்டை பரண் மேல சும்மாத்தான கீது. ஒண்ணாவது காத்து குடுக்கட்டும்" என்றாள்.

அவள் முகத்துக்கு முன்னால் அட்டை போய்ப் போய் வந்தது. ஒரு பக்கம் மாதா. மறுபக்கம் நான் திருத்திய ஆங்கில ஜெபமாலை. தீ, தௌ, தை, ஆர்ட் என்று நானூறு வருஷமாகக் குடியிருந்த பழைய ஆங்கிலச் சொற்களையெல்லாம் காலி செய்யவைத்து, யூ, யுவர் என்று புதுக்குடித்தனம் வைத்த அட்டை. அடியில் பொடி எழுத்தில் ‘தொகுப்பு’ என்று போட்டு என் பெயர். வானதூதர் மாதாவுக்குச் சொன்ன வாழ்த்தைத் தொகுத்துக் கொடுத்தவன் நான்தான் என்று ராயபுரத்துக்குத் தெரிய வேண்டாமா?

நீ போய் ஏழு மாதமாகிறது. இந்த ஏழு மாதத்தில் நான் ஒழுங்காக ஒரு ஜெபம் சொல்லி முடித்ததில்லை. உனக்குத் தெரிந்ததைத்தான் எழுதப்போகிறேன். ஆனாலும் முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு மூச்சு வரும்போல் இருக்கிறது. கேட்டுத் தொலை.

முதலில் கோயில் வம்பு, உனக்குப் பிடிக்குமே. பாடகர் குழு அம்மாள் தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டார். கறுப்பு என்று நினைத்துப் போட்டது ஒரு மாதிரி துருப்பிடித்த சங்கிலி நிறத்தில் வந்துவிட்டது. பங்குப் பேரவைத் தேர்தலில் நான் நிற்கவில்லை. நின்றாலும் ஜெயித்திருக்க மாட்டேன், அது வேறு விஷயம். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி ஆங்கில ஜெபமாலைக்கு இப்போது பதினோரு பேர் வருகிறார்கள். நீ முன்னால் முழந்தாளிட்டுச் சொன்ன காலத்தில் பெஞ்ச் நிறையும். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

உனக்கு ஆங்கிலம் வந்த கதையை நான் எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ராயபுரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தில் உன் அம்மா ஆயா. அந்த வீட்டுப் பிள்ளைகளைத் தூங்கவைக்கும்போது வீட்டுக்காரி சொல்லும் ஜெபத்தைக் கேட்டுக் கேட்டு உன் அம்மாவுக்கும் பாடமாகிவிட்டது. குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியது. ஜெபம் மட்டும் உங்கள் வீட்டில் தங்கிவிட்டது. அதை அம்மா உனக்கு அப்படியே கொடுத்தாள். அதற்கு முன்னும் பின்னும் உனக்கு ஆங்கிலம் கிடையாது. "எனுக்குத் தெரிஞ்ச இங்கிலீஷே அவ்ளோதான் மாமு. அதுலயே எல்லாத்தியும் ஓட்டிக்கினு கீறேன்" என்பாய்.

ஓட்டவும் செய்தாய். துறைமுகத்தில் நீ கிரேன் மேல், நான் கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் காகிதத்தின் மேல். ஒருநாள் சரக்கு இறங்கும்போது ஒரு வெளிநாட்டு மாலுமி கம்பியில் சாய்ந்து நின்றிருந்தான். பேச்சுக் கொடுக்க ஆசைப்பட்டு, துறைமுகத்தில் பொறுக்கின சொல்லோடு ஜெபத்துச் சொல்லையும் சேர்த்து, "வேர் ஆர்ட் தௌ ஃப்ரம்?" என்று கிரேனிலிருந்து இறங்கி வந்து கேட்டாய். அவன் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான். "ஆளு பயந்துட்டான் மாமு, நான் எதுனா தப்பாக் கேட்டுட்டனா?" என்று என்னிடம் வந்து விசாரித்தாய். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நீயும் சிரித்தாய். அப்போதெல்லாம் இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று சிரித்தோம்.

நான்தான் ஆங்கிலம் தெரிந்தவன். அப்படி ராயபுரத்தில் நான்கு பேர் நம்பினார்கள், அதில் நானும் ஒருவன். தண்டையார்பேட்டைப் பக்கம் புது அடுக்குமாடிகளில் குடிவந்த குடும்பங்கள் சனிக்கிழமை வர ஆரம்பித்தார்கள். நீ ‘பிளெஸ்டு ஆர்ட்டு தௌ’ என்று, காசிமேட்டில் மீன் கூவுகிற மாதிரி இழுத்துச் சொல்லும்போது அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டன. ஃபாதர் என்னைக் கூப்பிட்டு, பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி ஒரு அட்டை போட்டுக் கொடுங்கள் என்றார். அவ்வளவுதான் சொன்னார். பழையபடி சொல்கிறவர்களைத் தடுக்கச் சொல்லவில்லை. அந்தச் சட்டம் என் சொந்தத் தயாரிப்பு.

இதில் வேடிக்கை என்னவென்றால், கோயில் பூசையை எல்லோரும் திருப்பலி என்று மாற்றி எத்தனையோ வருஷம் கழித்தும் நான் பூசை என்றுதான் சொல்கிறேன். என் அப்பா ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே’ என்று சொன்ன ஜெபத்தை யாராவது பழசு என்றால் சண்டைக்குப் போவேன். என் அப்பாவின் வாயில் வந்தது பாரம்பரியம், உன் அம்மாவின் வாயில் வந்தது பழம்பஞ்சாங்கம். இப்படி ஒரு நியாயத்தோடு நடமாடிக்கொண்டிருந்தேன்.

அட்டை வந்த முதல் சனிக்கிழமை. நீ குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பவுடர் பூசி வந்து முன்னால் முழந்தாளிட்டாய். நான் போய் உன் கையில் அட்டையைத் திணித்து, இனிமேல் இதைப் பார்த்துச் சொல்லு என்றேன். நீ சட்டைப் பையைத் தடவினாய்.

"கண்ணாடி வூட்ல வச்சிட்டேன் மாமு."

நான் விடுவேனா? என் கண்ணாடியைக் கழற்றி உன் மூக்கில் மாட்டினேன். அதை மாட்டிக்கொண்டு நீ அட்டையை நீட்டிப் பார்த்தாய், கிட்டே கொண்டுவந்து பார்த்தாய். பின்னால் யாரோ சிரித்தார்கள். "தலை சுத்துது" என்று கழற்றிக் கொடுத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வழக்கப்படி ஆரம்பித்தாய். உன் அம்மா சொன்னபடி.

எனக்கு வந்ததே வீம்பு. இத்தனை பேர் முன்னால் என் அட்டையை மதிக்கவில்லை. நீ ‘தீ’ என்ற இடத்தில் நான் பின்னாலிருந்து சத்தமாக ‘யூ’ என்றேன். நீ ‘தௌ’ என்ற இடத்திலும் ‘யூ’. ஜெபமாலையின் பத்து மணிகளை உருட்டுவதற்குள் இருபது தடவை. மூன்று பத்து மணி வரை தாங்கினாய். நாலாவதில் மாலையைப் பக்கத்திலிருந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டு எழுந்து கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தாய். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அதோடு விட்டேனா? அடுத்த மாதம் பங்குத் திருவிழா. மேடையில் ஒவ்வொரு வருஷமும் என் நாடகம் உண்டு. குடையும் தொப்பியுமாக நான் உன்னைப்போல் நடந்து வந்தேன். உன் குரல், உன் இழுப்பு, ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் நீ தொண்டையைச் செருமுகிற செருமல், எதையும் விடவில்லை. மீன்காரியிடம் போய், கையைக் கூப்பி, "ஓ வஞ்சிரமே, ஹவ் மச் ஆர்ட் தௌ?" என்று கேட்டேன். மாதா கோயில் வளாகமே குலுங்கியது. அப்புறம் அந்தக் குரலிலேயே ஹெயில் மேரி என்கிற முழு மங்கள வார்த்தை ஜெபத்தையும் சொன்னேன், ஆட்டோக்காரனிடம் வாடகை குறைக்கச் சொல்லிக் கெஞ்சுகிற பாவனையில். அதற்காக ஒரு வாரம் உன் ஜெபத்தை மனப்பாடம் பண்ணியிருந்தேன்.

நீ இரண்டாவது வரிசையில் உன் பெண்டாட்டி ஸ்டெல்லாவோடு உட்கார்ந்திருந்தாய். கைதட்டினாய், நான் பார்த்தேன். முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து என் தொப்பியைச் சரிபண்ணிவிட்டு, "குரலு அப்டியே எனுது மாரியே கீது மாமு" என்றாய். நான் அதைப் பாராட்டு என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை நீ வரவில்லை. அதற்கடுத்த வாரமும். இரண்டு வருஷம்! கடைத்தெருவில் பார்த்தால் தலையாட்டுவாய். நானும் ஆட்டுவேன். இரண்டு ஓணான்கள். வீட்டுக்கு வந்து பிலோமினாவிடம், அவனுக்குத் திமிர் என்பேன். "போயி ஒரு வார்த்தை கேட்டா உன் வாயி கோணிக்குமா?" என்பாள். கேட்கவில்லை. எத்தனையோ பேரைச் சிரிக்கவைத்த வாய், அதற்கு மட்டும் திறக்கவில்லை.

அப்புறம்தான் ஸ்டெல்லாவிடமிருந்து போன் வந்தது. காலையில் பல் தேய்க்கும்போது விழுந்தாயாம். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் ஒரே நேரத்தில்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்டெல்லா ஒரு கட்டைப்பையோடு நின்றிருந்தாள். உன் பழைய காகிதங்களை என்னிடம் நீட்டி, இதில் எது என்னவென்று பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். எல்லாம் நான் நிரப்பிக் கொடுத்த படிவங்கள். முப்பது வருஷமாக உன் படிவங்களை நான்தான் நிரப்பினேன், உன் நோட்டீஸ்களை நான்தான் படித்தேன். சோம்பேறி என்று திட்டிக்கொண்டே செய்வேன். அன்றும் பழக்கத்தில், இதைக்கூட அவன் எழுதக்கூடாதா என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

ஸ்டெல்லா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அவுருக்கு இங்கிலீஷு எழுத்து தெரியாதேண்ணே. பஸ்ஸு நெம்பரு மட்டும்தான். உங்களுக்குத் தெரியும்னுதான நென்ச்சிகினு இருந்தோம்."

மாமு, அந்த வராந்தாவில் ஒரு பெஞ்ச் இருந்தது நல்லதாகப் போயிற்று. என் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நீ அட்டையை நீட்டியும் கிட்டேயும் பார்த்தது ஞாபகம் வந்தது. முப்பது வருஷ சிநேகிதன் நான். உனக்குப் படிக்கத் தெரியாததை வைத்து ஊர் முன்னால் உன்னை நிறுத்தினேன். நான் தெரிந்தே செய்கிறேன் என்று நீ நினைத்திருக்கிறாய். அதற்கு மேல் நாடகம். அதற்கு மேல் நீ வந்து என் தொப்பியைச் சரிபண்ணியது. அந்த இடத்தை என்னால் இன்றுவரை தாண்ட முடியவில்லை.

உள்ளே நீ வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. டாக்டர் நல்ல மனிதர், பொறுமையாக விளக்கினார். பேச்சு போய்விட்டாலும், சிலருக்கு ரொம்பப் பழகிப்போன பாட்டு, ஜெபம், கெட்ட வார்த்தை இதெல்லாம் மிஞ்சும், முயற்சி செய்து பாருங்கள் என்றார். "அவுருக்கு கெட்ட வார்த்தைக்கி பஞ்சமே இல்லியே சார்" என்று ஸ்டெல்லா நம்பிக்கையோடு சொன்னாள். அதிலிருந்தே ஆரம்பிக்கலாம் என்று நான் உன் காதோரம் குனிந்து, துறைமுகத்தில் நாம் புழங்கியதில் தேர்ந்தெடுத்த நாலைந்தை எடுத்துவிட்டேன். நீ என்னைப் பார்த்தபடி கிடந்தாய். நர்சம்மா ஓடிவந்து, பேஷன்ட்டைத் திட்டுவதற்கெல்லாம் விசிட்டிங் நேரம் கொடுக்கவில்லை என்று என்னைத் துரத்தினார்.

அடுத்த நாள் ஜெபம். ஜெபமாலையில் முன்னால் இருப்பவர் முதல் பாதியைச் சொல்வார், மற்றவர்கள் இரண்டாம் பாதியைச் சொல்லி முடிப்பார்கள். முதல் பாதியைக் கேட்டால் இரண்டாம் பாதி தானாக உன் வாயில் வராதா என்று ஆசை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். என் அட்டையில் இருக்கிறபடி. வேறு மாதிரி எனக்கு நாக்கு வளையவில்லை. ஒரு தடவை, மூன்று தடவை, ஏழு தடவை. நீ கண்ணை மூடிக்கொண்டாய். உதடு பூட்டின மாதிரி இருந்தது.

"அண்ணே, அவுரு சொல்ற மாரி சொல்லுங்க" என்றாள் ஸ்டெல்லா.

நீ சொல்கிற மாதிரி எனக்கு ஒரே ஒரு விதமாகத்தான் தெரியும். நாடகத்தில் சொன்ன விதம். அந்தச் செருமல் இல்லாமல், அந்த இழுப்பு இல்லாமல், உன் ஜெபத்தின் ஒரு சொல்கூட என் ஞாபகத்தில் இல்லை. உன்னைக் கேலி செய்யப் படித்த பாடம் அது. அதே குரலில் உன் தலைமாட்டில், நீ இந்த நிலையில் கிடக்கும்போது, உன் பெண்டாட்டி பார்த்துக்கொண்டிருக்கும்போது... ஸ்டெல்லாவுக்கும் அந்தக் குரல் தெரியும். அவளும்தானே இரண்டாவது வரிசையில் இருந்தாள்.

அவள் மறுபடி, சொல்லுங்கண்ணே என்றாள்.

செருமினேன். உன் குரலில் ஆரம்பித்தேன். ஹெயில் மேரி என்று இழுத்து, ‘வித் தீ’ என்று இறக்கி, ‘பிளெஸ்டு ஆர்ட்டு தௌ’ என்று கூவி, முதல் பாதி முடிகிற இடத்தில் நிறுத்தினேன். வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீ கண்ணைத் திறந்தாய். உன் மார்பு ஏறி இறங்கியது. நான் எண்ணினேன், எண்ணுவதைத் தவிர வேறு என்ன செய்வது. ஒரு மூச்சு. இரண்டு. மூன்று. நான்கு.

"ஹோலி மேரி, மதர் ஆஃப் காட்..."

கோணின வாயிலிருந்து, எச்சில் வழிய, ஆனால் சொல்லுக்குச் சொல் சுத்தமாக. பாவிகளான எங்களுக்காக இப்பொழுதும் எங்கள் மரண வேளையிலும் என்று அந்த ஆங்கிலத்தில் வருகிறதே, அதுவரைக்கும். ஆமென் வரைக்கும். ஸ்டெல்லா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இரண்டாம் பாதியில் நான் எதையும் மாற்றியிருக்கவில்லை. மாற்றுவதற்கு அதில் ஒன்றுமில்லை. தீயும் இல்லை, தௌவும் இல்லை. பழைய புத்தகத்திலும் என் அட்டையிலும் அது ஒரே மாதிரிதான். நாம் அடித்துக்கொண்டதெல்லாம் முதல் பாதிக்காக. எல்லோரும் சேர்ந்து சொல்கிற பாதியில் சண்டையே இல்லை.

உன்னைக் காலடிப்பேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு தினமும் ஐந்து மணிக்கு வந்தேன். ஜெபமாலையில் பத்து மணிகள் உருட்டிச் சொல்வோம். முதல் பாதி நான், உன் குரலில். நான்கு மூச்சு. இரண்டாம் பாதி நீ. அதைத் தவிர ஒரு சொல் உனக்கு வரவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றால் பார்ப்பாய். ஸ்டெல்லா யார் என்றால் பார்ப்பாய்.

ஒரு நாள் ஸ்டெல்லா டீ போட உள்ளே போயிருந்தாள். மணலி எண்ணெய் ஆலைப் பக்கத்துக் காற்று திரும்பி வீட்டுக்குள் கந்தக நாற்றம் வந்துகொண்டிருந்தது. நான் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, மாலையை எடுக்காமல், என் சொந்தக் குரலில் சொன்னேன். "உனக்குப் படிக்கத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாது மாமு. சத்தியமாத் தெரியாது. நாடகம் போட்டது தெரிஞ்சேதான் போட்டேன். மன்னிச்சிடு."

நீ என்னைப் பார்த்தாய். ஒரு மூச்சு, இரண்டு, மூன்று, நான்கு. அப்புறம், நான் முதல் பாதி சொல்லாமலேயே, நீ இரண்டாம் பாதியைச் சொன்னாய். பாவிகளான எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்றாய். எங்களுக்காக. இரண்டு பேரையும் சேர்த்து.

நான் அன்று இரவு சாப்பிடவில்லை. சந்தோஷமா, பயமா, ஒன்றும் புரியவில்லை. உன்னை மறுபடி காட்டக் கூட்டிப்போனபோது டாக்டரிடம் கேட்டேன், அது எனக்குச் சொன்ன பதிலா என்று. அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அது பழக்கத்துல வர்றது சார். குரல் கேட்டா வந்துடும். அர்த்தம் வச்சு சொல்றார்னு எடுத்துக்க முடியாது. இல்லைன்னும் என்னால அடிச்சுச் சொல்ல முடியாது." படித்தவர்கள் ஏன் இப்படி இரண்டு கதவையும் திறந்தே வைக்கிறார்கள்?

பதிவு பண்ணி வை, அப்புறம் கேட்டால் தெரியும் என்றாள் பிலோமினா. அடுத்த நாள் போனை நீட்டினேன். இடமில்லை என்றது. உள்ளே அத்தனையும் ரோஜாப்பூ போட்ட குட்மார்னிங் படங்கள். ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தேன், அதற்குள் நீ பத்தையும் முடித்துவிட்டுத் தூங்கிப்போனாய். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்து வந்தேன்.

நாளை வந்தது. நான் மெட்ரோவில் வந்திருந்தால் காலடிப்பேட்டைக்குப் பத்து, பதினைந்து நிமிஷம். நான் பஸ்ஸில் வந்தேன். ஏன் தெரியுமா? மெட்ரோவில் ஒரே நிசப்தம், வாய்விட்டு உன் குரலைப் பழக முடியாது. ஏற்கெனவே ஒரு பெண்பிள்ளை என் செருமலுக்கு எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தாள். பஸ் இரைச்சலில் ஜன்னலோரம் உட்கார்ந்து எவ்வளவு வேண்டுமானாலும் ஆர்ட்டு தௌ போடலாம், எவனும் கண்டுகொள்ள மாட்டான். அன்றைக்குக் கன்டெய்னர் லாரி வரிசை டோல்கேட்டைத் தாண்டி நின்றது. நான் உள்ளே உட்கார்ந்து உன் செருமலைச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தேன். இறங்கி நடந்திருக்கலாம். நடக்கவில்லை. இன்றைக்கு உன் குரல் நன்றாக வருகிறது என்று திருப்தியாக இருந்தது எனக்கு.

ஆறேகாலுக்கு உன் தெருவில் திரும்பும்போதே வாசலில் செருப்புகள் தெரிந்தன.

"அஞ்சி மணிலருந்து வாசலையே பாத்துகினு இருந்தாருண்ணே" என்றாள் ஸ்டெல்லா. குற்றமாகச் சொல்லவில்லை. செய்தியாகத்தான் சொன்னாள். அதற்குமேல் நான் என்ன எழுதுவது?

அடக்கம் முடிந்த பிறகு நான் அலைந்த அலைச்சல் உனக்குத் தெரியாது. ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் பண்ணினேன். கடவுள் மன்னித்துவிட்டார் என்றார். அவர் மன்னிப்பார் சாமி, அவர் தொழில் அது, இவன் மன்னித்தானா என்று கேட்டேன். ஃபாதர் மூன்று ஜெபம் சொல்லச் சொன்னார். எந்த வார்த்தையில் என்று நான் கேட்கவில்லை. மூன்றையும் தொடங்கினேன், ஒன்றையும் முடிக்கவில்லை. என் அறையில், மொட்டைமாடியில், கடற்கரைக் கல் மேல், எங்கே நின்று சொன்னாலும் முதல் பாதியோடு நின்றுவிடுகிறது. இரண்டாம் பாதியை நானே சொல்லிக்கொள்ள வாய் வரவில்லை. அது உன்னுடையது.

கடைசியில் ஸ்டெல்லாவிடமே கேட்டேன். அவன் என்மேல் கோபமாக இருந்தானா என்று. இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம், நான் அதைச் சாப்பிட்டு உயிர் வாழ்ந்திருப்பேன். உன் பெண்டாட்டி உன்னைப்போலவே.

"கோவமாத்தான் இருந்தாருண்ணே. சனிக்கெயம ஆனா குளிச்சி, வெள்ள சட்ட போட்டுகினு, பவுடர் அட்சிகினு உக்காந்துனு இருப்பாரு. எங்கியும் போ மாட்டாரு. ஆறரை ஆனா சட்டையக் கயட்டிடுவாரு. ரெண்டு வருசம்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள், "அண்ணே, ஒண்ணு கேட்டா செய்வீங்களா?" என்றாள்.

எதை வேண்டுமானாலும் கேள் என்றேன்.

"அவுரு கொரல்ல ஒரு தபா சொல்லுங்களேன். எனுக்குக் கேக்கணும் போல கீது."

எந்தக் குரலுக்காக ஊர் என்னைப் பார்த்துக் கைதட்டியதோ, எந்தக் குரலால் உன்னை இரண்டு வருஷம் வெள்ளைச் சட்டையோடு வீட்டில் உட்காரவைத்தேனோ, அதை உன் பெண்டாட்டி என்னிடம் கெஞ்சிக் கேட்கிறாள் மாமு. உன் குரல் வேறு எங்கும் இல்லை. போனில் இல்லை, கேசட்டில் இல்லை. என் தொண்டையில் மட்டும் மாட்டிக்கொண்டிருக்கிறது. திருடியவனிடமே பொருள் பத்திரமாக இருக்கிறது. எனக்கு இருமல் வந்தால்கூட இப்போது பயமாக இருக்கிறது. மழையில் நனைவதில்லை, ஐஸ் தண்ணீர் குடிப்பதில்லை. அப்படியும் சில நாள் அந்த ‘தௌ’ வருகிறபோது என் குரல் அதில் கலந்துவிட்டதோ, உன்னுடையது கரைந்துகொண்டு போகிறதோ என்று வியர்த்துப்போகிறது. கேட்டுச் சரிபார்க்க நீ இல்லை.

இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் ஐந்து மணிக்குக் காலடிப்பேட்டைக்குப் போகிறேன். மெட்ரோவில்தான். யார் எழுந்து போனாலும் போகட்டும் என்று அதிலேயே செருமிக்கொள்கிறேன். உன் கட்டிலைப் பிரித்து அடுக்கிவிட்டார்கள், அந்த இடத்தில் ஒரு நாற்காலி கிடக்கிறது. அதில் நானும் உட்காருவதில்லை, ஸ்டெல்லாவும் உட்காருவதில்லை. நான் முதல் பாதியைச் சொல்கிறேன், உன் குரலில், உன் அம்மா உனக்குக் கொடுத்த சொற்களில், ஒன்றையும் மாற்றாமல். சொல்லி நிறுத்துகிறேன்.

ஸ்டெல்லாவுக்கு இரண்டாம் பாதி தெரியும். அவள் உடனே ஆரம்பித்துவிடலாம். ஆரம்பிப்பதில்லை. நாங்கள் இதைப் பேசிவைத்துக்கொள்ளவில்லை. அவள் வாசலைப் பார்க்கிறாள், நான் நாற்காலியைப் பார்க்கிறேன். ஒரு மூச்சு. இரண்டு. மூன்று. நான்கு.

அதற்கப்புறம்தான் அவள் சொல்லத் தொடங்குகிறாள்.